வாக்குப்பெட்டியில் ஒரு பொட்டலம்

விதைக்கடையில் வேலை பார்த்த அந்த மனிதருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளம் கொடுக்கிற முதலாளியே அதை மறந்துவிட்டார். கடைத்தெரு முழுக்க அவருக்கு ‘ஆகட்டும்’ என்றுதான் பெயர். யார் எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வருவது “ஆகட்டுங்க” ஒன்றுதான். நாளைக்கு லீவு கிடையாது என்றால் ஆகட்டுங்க. பக்கத்துக் கடைக்காரர் தன் சாவியைக் கொடுத்து, “நான் வர்ற வரைக்கும் பார்த்துக்க” என்றால் ஆகட்டுங்க. பெண் பார்க்கப் போன வீட்டில், “பொண்ணு கொஞ்சம் வாய்த்துடுக்கு, பரவாயில்லையா?” என்று கேட்டார்களாம். அதற்கும் அதே பதில்தான். வாழ்க்கையில் அவர் சொன்ன ஆகட்டும்களிலேயே உருப்படியாக அமைந்தது அது ஒன்றுதான்.

அவருக்கென்று ஒரு கைத்திறமை உண்டு. கீரை விதை, தக்காளி விதையெல்லாம் தூசி மாதிரி இருக்கும். சாதாரணமாகக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தால் வாங்கினவர் வீடு போய்ச் சேர்வதற்குள் பாதி பைக்குள் கொட்டிவிடும். ஒருநாள் ஒரு கிழவர் கடைக்கு வந்து பையை உதறிக் காட்டிச் சண்டை போட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு உட்கார்ந்து யோசித்து, ஒரு மடிப்பைக் கண்டுபிடித்தார் ஆகட்டும். நீளவாக்கில் மடித்து, இரண்டு காதையும் உள்ளே தள்ளி, ஒரு நுனியை இன்னொரு நுனிக்குள் சொருகிவிடுவார். பசையும் வேண்டாம், நூலும் வேண்டாம். தலைகீழாகத் தொங்கவிட்டாலும் ஒரு விதை விழாது. அந்தப் பொட்டலத்தைப் பார்த்தாலே எந்தக் கடை விதை என்று சொல்லிவிடுவார்கள். முதலாளி அதை வைத்து ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டாரே தவிர, அவருக்கு அந்த மடிப்பு கடைசி வரை கைவரவில்லை. ஆகட்டும் தன் மனைவிக்கு மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தார். விதைப்புக் காலத்தில் வேலை குவிந்துவிட்டால் வீட்டுக்குக் கொண்டுபோய் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து மடிப்பார்கள். கை பாட்டுக்கு மடிக்கும், வாய் பாட்டுக்குப் பேசும்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் வார்டு தேர்தல் வந்தது.

விதைக்கடை முதலாளி குடைச் சின்னத்தில் நின்றார். அவரை எதிர்த்து ஏணிச் சின்னத்தில் நின்றவன் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்த ஒரு துடியான ஆள். அந்தத் துடியான ஆள் வேறு யாருமில்லை, ஆகட்டும் மனைவியின் கூடப்பிறந்த தம்பி.

முதலாளி முதல் நாளே ஆகட்டுமைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அழைத்து உட்கார வைத்தார்.

“மச்சினன் நிக்கறான்னு மனசு அந்தப் பக்கம் சாயக்கூடாது, என்ன? இத்தனை வருஷம் உனக்குச் சோறு போட்டது இந்தக் கடை. என் அக்கா பையன் வேலை இல்லாம சும்மா சுத்திக்கிட்டிருக்கான். உன் இடத்துக்கு அவனை வையின்னு வீட்டுல ஒரே நச்சரிப்பு. நான்தான் காது குடுக்காம இருக்கேன். புரியுதா?”

“புரியுதுங்க.”

“உன் ஓட்டு எனக்குத்தானே?”

“ஆகட்டுங்க.”

அன்று மாலை மைத்துனன் வீட்டுக்கே வந்துவிட்டான். அக்காவின் முன்னால் வைத்தே கேட்டான். “மாமா, ஊர் ஓட்டெல்லாம் நான் பார்த்துக்கறேன். இந்த வீட்டு ரெண்டு ஓட்டும் எனக்கு வரலன்னா நான் ஜெயிச்சும் பிரயோஜனமில்ல. அப்புறம் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன், சொல்லிட்டேன்.”

“ஆகட்டும் மாப்ளே.”

அவன் போனதும் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “முதலாளிகிட்டயும் இதையே சொல்லிட்டுத்தான வந்திருக்கீங்க? உங்க இடத்துக்கு அவரு அக்கா பையனை வைக்கப் போறாருன்னு கடைத்தெருவே பேசுது” என்றாள். அவர் செருப்பைத் தேடுகிற சாக்கில் வெளியே நழுவினார்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பக்கம் வேலை, ஒரு பக்கம் வீடு. கடையில் மூட்டை தூக்குகிறவர் ஒருவர் இருந்தார், எந்தத் தேர்தலுக்கும் போகாதவர். அவரிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்தார்.

“ஓட்டுப் போடாமலே இருந்துட்டா என்ன ஆகும்ணே?”

“எனக்கு ஒண்ணும் ஆகாது, என்னை யாரு கேக்கப் போறா? உன்னைக் கேப்பாங்க. விரல்ல மை இருக்கா இல்லையான்னு முதலாளி ஒரு பக்கம் பாப்பாரு, உன் மச்சினன் ஒரு பக்கம் பாப்பான். போகாதவன் யாருன்னு ஊருக்கே தெரியும்ப்பா.”

“போயும் போடாம வந்தா?”

மூட்டைக்காரர் சிரித்தார். “அது வேற வித்தை. சீட்டைக் கெடுத்துட்டு வந்துடலாம். செல்லாத ஓட்டுன்னு தனியா ஒரு கட்டுல சேத்துடுவாங்க. எந்தப் புத்திகெட்டவன் போட்டான்னு சாமிக்குக்கூடத் தெரியாது.”

அந்தக் கடைசி வார்த்தை ஆகட்டும் காதில் தேனாகப் பாய்ந்தது. வீட்டில் அதையே பொதுப்படையாக எடுத்துப் பார்த்தார். “செல்லாத ஓட்டுப் போடறவங்களும் இருக்காங்களாம்ல?”

மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “வீட்டோட இருக்கறவனையாவது மதிக்கலாம், எனக்கு யாரும் பிடிக்கலன்னு தைரியமாச் சொல்றான். உள்ள போயி, மறைவுல நின்னு, கெடுத்துட்டு வெளியே வந்து மையைக் காட்டறவன் இருக்கானே, அவன் யாரை ஏமாத்தறான்? நீங்க யாருக்குப் போட்டீங்கன்னு நான் கேக்க மாட்டேன், என்னையும் கேக்காதீங்க. ஆனா யாருக்காவது போடுங்க.”

“ஆகட்டும்” என்றார் அவர்.

தேர்தலன்று காலையிலேயே இருவரும் போய் வரிசையில் நின்றார்கள். பெண்கள் வரிசை சீக்கிரம் நகர்ந்தது, அவள் முன்னதாகவே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். இவர் முறை வந்தது. அட்டை மறைப்புக்குள் நின்று முத்திரையைக் கையில் எடுத்தார். குடையில் ஒரு குத்து. உடனே மைத்துனன் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. ஏணியிலும் ஒரு குத்து. அவ்வளவுதான். யாரிடமும் இல்லையென்று சொல்லத் தெரியாத மனிதர் வாக்குச்சீட்டிடமும் இரண்டு முறை ஆகட்டும் சொல்லிவிட்டார். “மை ஒட்டாம மடிச்சுப் போடுங்க” என்று மேஜையிலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். மடித்தார், போட்டார், வெளியே வந்தார். முதலாளியிடம் விரலைக் காட்டினார். மைத்துனனிடமும் விரலைக் காட்டினார். இரண்டு பேரும் தோளில் தட்டினார்கள். அன்றைக்கு வெகு நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் கடையில் ஒரு பெண் வந்து தக்காளி விதை கேட்டாள். அளந்து காகிதத்தில் கொட்டி, அவளிடம் உரம் எப்படிப் போடுவது என்று பேசிக்கொண்டே மடித்தார். நுனியைச் சொருகும்போது கை அப்படியே நின்றுவிட்டது.

நேற்று அந்தச் சீட்டை எப்படி மடித்தோம்?

யோசித்து யோசித்துப் பார்த்தார், நினைவுக்கு வரவே இல்லை. முத்திரை குத்தியது நினைவிருக்கிறது. மை வாசனை நினைவிருக்கிறது. மடித்தது மட்டும் இல்லை. பெட்டியின் வாயில் சீட்டு லேசாக இடித்ததோ? இடித்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. சாதாரண மடிப்பு என்றால் ஏன் இடிக்க வேண்டும்? “அண்ணே, பொட்டலத்தைக் குடுங்க” என்று அந்தப் பெண் கையை நீட்டிக்கொண்டே நின்றாள்.

சாமிக்குக்கூடத் தெரியாது என்றாரே மூட்டைக்காரர், சாமிக்குத் தெரிகிறதோ இல்லையோ முதலாளிக்குத் தெரிந்துவிடும். அந்த மடிப்பில் ஒரு சீட்டு வந்தால், அதில் இரண்டு குத்தும் இருந்தால், கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரிதான்.

வேதனை அதோடு நிற்கவில்லை. மதியம் முதலாளி கூப்பிட்டார். “எண்ணற இடத்துல என் சார்பா மேஜைல ஒரு ஆள் உக்காரணும். நம்ம தெருப் பெட்டிக்கு நீ உக்காரு. உன் மூஞ்சியப் பாத்தா எவனும் சண்டைக்கு வர மாட்டான்.”

மனுஷன் அப்போதாவது தலைவலி, காய்ச்சல் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “ஆகட்டுங்க” என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வருவதே இந்த மாதிரி இடங்களில்தான்.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு செய்தி காத்திருந்தது. ஏணிச் சின்னத்துக்காக அதே மேஜையில் உட்காரப்போவது அவர் மனைவி. “தம்பிக்கு வெளியாள் மேல நம்பிக்கையில்லையாம். என்னைத்தான் உக்காரச் சொல்றான்” என்றாள்.

அவள் அடுக்களைக்குள் போன சமயம் பார்த்து ஒரு பரீட்சை செய்தார். பழைய நோட்டீஸ் ஒன்றைச் சீட்டு அளவுக்குக் கிழித்தார். மூலையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். கண்ணை மூடி, முத்திரை குத்துகிற மாதிரி இரண்டு முறை குத்தினார். பிறகு எதையும் நினைக்காமல் மடித்தார். கண்ணைத் திறந்து பார்த்தால் உள்ளங்கையில் அச்சு அசலாக விதைப் பொட்டலம்.

“சுவத்துக்கிட்ட நின்னு என்ன பண்றீங்க?”

தூக்கிவாரிப்போட்டது. “சும்மா...” என்றார்.

மனைவி அவர் கையிலிருந்து அதை எடுத்தாள். சிரிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தார். அவள் சிரிக்கவில்லை. பொட்டலத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். நுனியை உருவினாள், மறுபடி சொருகினாள். முகம் என்னவோபோல் ஆயிற்று. “அடுப்புல பால் இருக்கு” என்று போய்விட்டாள். அடுப்பில் பால் எதுவும் இல்லை. தன் பயத்திலேயே மூழ்கிக் கிடந்த மனிதருக்கு அது தோன்றவில்லை.

எண்ணிக்கை பள்ளிக்கூடத்து வகுப்பறையில் நடந்தது. பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்ட மேஜை. ஒரு பக்கம் கண்ணாடி போட்ட அதிகாரியம்மா, எதிரே இரண்டு நாற்காலியில் கணவனும் மனைவியும். கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் முதலாளியும் மைத்துனனும், கூட அவரவர் ஆட்களும். மேஜைமேல் எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆகட்டும் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெட்டியைக் கவிழ்த்தார்கள். அந்தக் குவியலைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

குடை. ஏணி. ஏணி. குடை. அதிகாரியம்மா எடுத்து, பிரித்து, காட்டி, அந்தந்தக் கட்டில் வைத்துக்கொண்டே போனார். ஒரு சீட்டை முத்திரையே குத்தாமல் யாரோ அப்படியே போட்டிருந்தார்கள். செல்லாது என்று தனியாக வைத்தார். இப்படி ஒரு துணை இருக்கிறதே என்று ஆகட்டும் மனசுக்குள் அந்த முகம் தெரியாத ஆளைக் கும்பிட்டுக்கொண்டார்.

திடீரென்று அதிகாரியம்மாவின் கை நின்றது. “இது என்னது? மருந்து மடிச்ச மாதிரி இருக்கு!” என்று ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். பொட்டலம்! இப்படி இழுத்தார், அப்படி இழுத்தார், வரவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் முதலாளி எட்டிப் பார்த்தார். பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் கழுத்து நீண்டது.

தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டார் ஆகட்டும்.

“குடை” என்றது அதிகாரியம்மாவின் குரல்.

கண்ணைத் திறந்தார். சீட்டில் ஒரே ஒரு குத்து, குடையின்மேல். ஏணிப் பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. இரண்டாவது குத்து விழாமலே போய்விட்டதா? கடவுளே வந்து துடைத்துவிட்டாரா? முதலாளி அங்கிருந்தே அவரைப் பார்த்து முகமெல்லாம் பல்லாகத் தலையை ஆட்டினார். ஒரு நிமிஷம் அவருக்கு உடம்பே லேசாகிவிட்டது.

பிறகு பக்கத்தில் திரும்பினார். மனைவி குனிந்த தலை நிமிராமல் மேஜையின் விளிம்பை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். காதுமடல் சிவந்திருந்தது.

அப்போதுதான் உறைத்தது. அந்த மடிப்பு தெரிந்தவர்கள் இந்த ஊரில் இரண்டு பேர். இந்தச் சீட்டு அவருடையது இல்லை.

கூடப்பிறந்த தம்பிக்குப் போடாமல், அவரை வேலையைவிட்டுத் துரத்திவிடுவேன் என்று பயமுறுத்திய ஆளுக்குப் போட்டிருக்கிறாள். யாருக்காகப் போட்டாள் என்பதில் சந்தேகமே இல்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் கைகள் தொடைக்கடியில் இருந்தன, குவியலில் இன்னும் சீட்டுகள் இருந்தன. அவருடையதும் அதில்தான் இருந்தது.

இப்போது அவருடைய பயமே வேறாகிவிட்டது. முதலாளி பார்த்தால் பார்க்கட்டும், வேலை போனால் போகட்டும். இவள் பார்க்கக் கூடாது.

குவியல் வற்றி அடியில் கொஞ்சம்தான் மிச்சமிருக்கும்போது அது வந்தது. “அடடே, இன்னொண்ணு!” என்றார் அதிகாரியம்மா. இந்த முறை பழகிவிட்டிருந்தது, சட்டென்று பிரித்துவிட்டார். குடையிலும் முத்திரை, ஏணியிலும் முத்திரை. மறைவில் அவசர அவசரமாகக் குத்தியதில் இரண்டும் லேசாகக் கோணி விழுந்திருந்தன.

“ரெண்டுலயும் குத்தியிருக்கு. செல்லாது. ஏஜெண்டுங்க ரெண்டு பேரும் பாத்துக்கங்க. ஆட்சேபணை இருக்கா?”

மனைவி தலைநிமிர்ந்தாள். சீட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். நடுத்தெருவில் கூட வந்தவர் காணாமல் போய்விட்டால் எப்படித் தேடுவோமோ, அப்படி அவர் முகத்தில் எதையோ தேடினாள்.

“ஆட்சேபணை இல்லைங்க” என்றாள்.

அதிகாரியம்மா இவர் பக்கம் திரும்பினார். “ஆகட்டுங்க” என்றார் இவர்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்து யாரோ, “மடிப்பைப் பாத்தாலே யாரோடதுன்னு தெரியுதே, முதல் பொட்டலமே செல்லுமா?” என்று கத்தினார்கள். “பேரு, கையெழுத்து எழுதியிருந்தாத்தான் செல்லாது. மடிப்புக்கெல்லாம் சட்டம் கிடையாது” என்று அதிகாரியம்மா வாயை அடைத்துவிட்டார்.

மைத்துனன் ஜெயித்தான். நல்ல வித்தியாசத்திலேயே ஜெயித்தான். இந்த வீட்டு ஓட்டு இரண்டும் அந்தப் பக்கம் போயிருந்தாலும் இந்தப் பக்கம் போயிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது. இத்தனை நாள் சோறு இறங்காமல் கிடந்ததெல்லாம் அதற்குத்தான்.

பள்ளிக்கூடத்து முற்றத்தில் மாலையும் கையுமாகக் கூட்டம். தோற்ற முதலாளி கைகுலுக்க வந்தார். சும்மா குலுக்கிவிட்டுப் போயிருக்கலாம். தோற்ற மனுஷனுக்கு ஏதாவது ஒரு ஆறுதல் வேண்டியிருந்தது. ஆகட்டுமின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்.

“ஜெயிச்சுட்டே தம்பி, சந்தோஷம். ஆனா உன் மாமன் ஓட்டு எனக்குத்தான். பொட்டலத்தை என் கண்ணால பாத்தேன்! அந்த இன்னொரு பொட்டலம்தான் பாவம், உன் அக்காவோடது. உனக்கும் போட்டு எனக்கும் போட்டு வீணாக்கிடுச்சு.”

மைத்துனனின் சிரிப்பு அப்படியே உறைந்தது. “அக்கா, நிஜமா? நீயா செல்லாத ஓட்டுப் போட்டே?”

ஆகட்டும் வாயைத் திறந்தார். சத்தியமாகத் திறந்தார். ‘இல்லை, அது என்னுது’ என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வாழ்நாளில் முதல் தடவையாக இல்லையென்று சொல்லத் துணிந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் கணக்கு புரிந்தது. இரண்டாவது பொட்டலம் அவருடையது என்றால், முதல் பொட்டலம் யாருடையது? குடைக்குப் போட்டது யார்? தம்பிக்கு அக்கா வீணாக்கினாள் என்பதாவது ஆறும். எதிராளிக்கே போட்டாள் என்பது ஆறவே ஆறாது. திறந்த வாய் திறந்தபடி நின்றது.

மனைவி முந்திக்கொண்டாள். “ஆமாடா, என்னுதுதான்” என்றாள். “ரெண்டு பேரையும் நோகடிக்க வேணாமேன்னு...”

இவர் ஒருநாளும் அவளிடம் சொல்லாத காரணம் அது. அப்படியே எடுத்துச் சொன்னாள்.

“இதுக்கு நீ வீட்டுலயே இருந்திருக்கலாம்” என்றான் தம்பி. அவள், “இருந்திருக்கலாம்” என்றாள்.

இரண்டு நாள் கழித்து மைத்துனன் இனிப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், அவன் தொடவில்லை. டப்பாவை ஆகட்டுமின் கையில் கொடுத்தான்.

“மாமா, உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. சம்பளம் குடுக்கறவருக்குப் போட்டீங்க. மறைக்காம, தைரியமாப் போட்டீங்க. அது ஆம்பளைக்கு அழகு. கூடப்பொறந்தவதான்...” முடிக்காமல் எழுந்துகொண்டான். போகும்போது அக்காவிடம் போயிட்டு வர்றேன் என்று சொல்லவில்லை.

டப்பா கையில் கனத்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். கடைசியில் மாடத்தில் வைத்துவிட்டு வந்து அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். நடுவில் கீரை விதைத் தட்டு, வெட்டி அடுக்கின காகிதம். அவள் ஏற்கெனவே மடிக்க ஆரம்பித்திருந்தாள்.

“நான் போய் அவன்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்” என்றார்.

“எதைச் சொல்லுவீங்க? சொன்னா எந்தப் பொட்டலம் என் தலையில விழும்னு தெரியும்ல?”

தெரியும்.

“என் தம்பிக்குப் போடணும்னு எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா?” அவள் நிமிராமலே சொன்னாள். “சின்ன வயசுல இடுப்புல வச்சுத் தூக்கிட்டுத் திரிஞ்ச பையன். முத்திரையைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னேன். உங்க வேலைக்காகத்தான் அந்தப் பக்கம் குத்தினேன். உங்க வேலைக்காக நீங்களே குத்தலையேங்க.”

பதிலுக்கு அவர் வாயில் வந்ததும் அவருடைய அந்த ஒரே வார்த்தைதான். ஆயுளில் முதல் தடவையாக அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. விழுங்கிவிட்டார். அவள் தட்டை அவர் பக்கம் கொஞ்சம் தள்ளினாள். ஒரு காகிதத்தை எடுத்து விதையைப் போட்டு மடிக்கப் பார்த்தார். நுனி எதற்குள் சொருகவேண்டும் என்று தெரியாமல் கை நின்றது. மனைவி அதை வாங்கி, மடித்து, சொருகி, அவள் பக்கத்துக் குவியலிலேயே போட்டுக்கொண்டாள்.